ரியோஹாவும் ஒற்றைக் கொடுக்கு நண்டும்

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் உணவகத்தின் மெனுவை அன்செல்மோ இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நண்டு, நண்டு, அடுத்த பக்கத்திலும் நண்டு. எங்கள் ஒயினுக்கு இங்கே வேலையே இல்லை" என்றார்.

அவர் ஸ்பெயினில் ரியோஹா என்ற பகுதியைச் சேர்ந்தவர். பல தலைமுறையாக ஒயின் செய்யும் குடும்பம். அவர்களுடைய சிவப்பு ஒயின் ஓக் மரப் பீப்பாயில் சில வருடங்களும், பிறகு புட்டியில் இன்னும் பல வருடங்களும் கிடந்துவிட்டுத்தான் வெளியே வரும். ஒரு நகரத்துக்கு ஒரே ஒரு உணவகத்துக்குத்தான் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் ஆட்டுக்கறி வாட்டுவதில் பேர் வாங்கிய பெரிய ஹோட்டல் ஒன்று அதைக் கேட்டிருந்தது. நாங்களும் கேட்டிருந்தோம்.

ஒயினைத் தேர்ந்தெடுப்பதும் பரிமாறுவதும் என் வேலை. நண்டுக் கடையில் அந்த வேலைக்கு மதிப்பு குறைவு. வருகிறவர்கள் ஒரு பீர் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார்கள். இந்த ஸ்பெயின் விவகாரமும் கைகூடாவிட்டால் ஒயின் அலமாரியையே எடுத்துவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அலமாரி போனால் அதன் பக்கத்தில் நிற்கிற நானும் போக வேண்டியதுதான்.

சிவப்பு ஒயினைக் கடல் உணவோடு குடித்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி வாயில் ஒரு ருசி வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய ரியோஹா அடாவடியான ஒயின் அல்ல. மரத்தில் கிடந்து கிடந்து துவர்ப்பு மழுங்கியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த செர்ரி, புகையிலை, பழைய தோல்பை, இவற்றுக்கெல்லாம் அடியில் வெனிலாவும் தேங்காயும். அந்தத் தேங்காய் வாசம் அமெரிக்க ஓக் மரம் கொடுப்பது. நான் தேங்காய் அரைத்த வீட்டில் வளர்ந்தவள். இந்த வாசம் எனக்கு எவ்வளவு பழக்கமானது என்று அன்செல்மோவுக்கு எப்படிப் புரியவைப்பது?

"எங்கள் நண்டு வருகிற ஊருக்கு வாருங்கள்" என்றேன். "அங்கே ஒரே ஒரு சாப்பாடாவது உங்கள் ஒயினுக்கு ஒத்துப்போனால் எங்களுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் ஹோட்டலுக்கே கொடுத்துவிடுங்கள்."

வாயை விட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் சிரித்தார். அவருக்கு எப்படியும் மும்பையில் வேலை இருந்தது. வழியில் இரண்டு மூன்று நாள் சும்மா இருப்பதற்குப் பதில் வருகிறேன் என்றார். ஆட்டுக்கறி ஹோட்டலுக்கு மனத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்ட மனிதரின் சிரிப்பு அது.

எங்கள் நண்டு சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியிலிருந்து வருகிறது.

*

முதல் நாள் காலை பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே இட்லி சாப்பிட்டோம். பரிமாறியவர் இருக்கிற பலகாரங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். சிங்கப்பூரில் நான் தட்டுத் தட்டாக விளக்கிச் சொல்வதை நினைத்துக்கொண்டேன். அன்செல்மோ மெதுவடையின் நடுவில் உள்ள ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு மூன்று தின்றார்.

என் பையில் அவர் கொண்டுவந்த ஒயின் இரண்டு புட்டி இருந்தது. துண்டில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். ஆட்டோ பொன்னேரியைத் தாண்டி ஏரிப் பக்கம் திரும்பியதும் ஒரு ஆட்டு மந்தை சாலையின் குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார். பை முன்னால் போய் இரும்புக் கம்பியில் மோதியது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் என் காலடியில் சிவப்பாக ஓடியது.

ஓட்டுநர் பழவேற்காட்டைச் சேர்ந்த பாய். திரும்பிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னாம்மா, யாருக்கு அடி?" என்றார். அடி இல்லை, ஒயின் என்றேன். அவர் வண்டியை ஒரு அடிபம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, எங்களை இறக்கிவிட்டு, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினார். பிறகு குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "பேஜாராப் போச்சே. நாளைக்கு ஜும்மாவுக்கு இந்த வண்டிலதான் எங்க மாமனாரை ஏத்திகினு போவணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. நானும் துணியை எடுத்துத் துடைத்தேன். அன்செல்மோ சாலையோரம் நின்று, உடைந்த புட்டியின் கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் குடும்பத்தின் பத்து வருட உழைப்பு நெல் வயலுக்குள் வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு புட்டி தப்பித்தது. ஆனால் இனி சோதனை செய்து பார்க்க வழியில்லை. வயசான ஒயினைத் திறந்தால் சில மணி நேரம்தான். அதற்குள் சரியான சாப்பாடு எதிரில் இருக்க வேண்டும்.

எங்களுக்கு நண்டு அனுப்புகிறவர் தேசப்பன். ஏரியில் நண்டு பிடிப்பவர்களிடம் வாங்கி, உயிரோடு கட்டி, சென்னை விமான நிலையத்துக்கு அனுப்புகிற ஆள். தானும் படகு எடுத்துப் போவார். போனில் கேட்ட குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை; குரல் தடிமன், ஆள் ஒடிசல். அவர் மனைவி சுகுணாதான் நண்டுகளுக்குத் தரம் பார்ப்பவர். இரண்டு கொடுக்கும் முழுசாக இருக்கிறதா, ஓடு கெட்டியா என்று ஒரு பார்வை. மறு நொடியில் சணல் கயிறு சுற்றியாகிவிடும். ஒரு கொடுக்கு உடைந்திருந்தால் தனிக் கூடை. அது வெளிநாட்டுக்குப் போகாது.

எனக்குத் தமிழ்நாடு என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணங்கள்தான். சுகுணா பேசிய தமிழ் முதல் அரை மணி நேரம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. என் தமிழைக் கேட்டு அவரும் அப்படித்தான் சிரித்தார்.

மதியம் அங்கேயே சாப்பாடு. நண்டுக் குழம்பு. அன்செல்மோ வியர்த்துக் கொட்டிக்கொண்டு இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வந்த காரணத்தைச் சொல்லி, நாளைக்கு இதே குழம்போடு இந்தப் புட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டு, பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

சுகுணாவின் முகம் மாறியது. கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"எங்க ஊட்டுக்குள்ள அது வேணாம்க்கா. உங்களைத் தப்பா சொல்லல. இவரு உட்டு ரெண்டு வருசம் ஆவுது. அந்த வாசனைகூட எனக்கு வாணாம்."

தேசப்பன் தலையைக் குனிந்துகொண்டு, குழம்பில் போடாமல் தனியாக அவித்த நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் புட்டியைப் பைக்குள் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அன்செல்மோ என்ன என்று கேட்டதற்கு, வீட்டுக்குள் மது கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். அவர் கண்ணில் ஹோட்டல் தெரிந்தது.

கிளம்பும்போது தேசப்பன்தான் வாயைத் திறந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நாளைக்குக் காலையில் நண்டுக் கூண்டு எடுக்கப் போகும்போது கூட வாருங்கள், படகில் வைத்துப் பாருங்கள் என்றார். சுகுணா அவரைச் சிறிது நேரம் பார்த்தார்.

"அப்ப நானும் வருவேன்" என்றார்.

*

இரண்டாம் நாள் ஏரியில் தண்ணீர் குறைவாக இருந்தது. படகு மோட்டாரில் கொஞ்ச தூரம், கழி ஊன்றிக் கொஞ்ச தூரம் போனது. நாரைகள் எங்களைப் பார்த்தும் நகராமல் நின்றன. சிங்கப்பூரில் தண்ணீர் என்றால் எங்கும் கரை கட்டியிருக்கும். எது நிலம், எது நீர் என்று சந்தேகமே வராது. இங்கே ஏரி எங்கே முடிகிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கையிலேயே ஒரு மனிதர் அந்தத் 'தண்ணீரில்' கணுக்கால் நனைய நடந்து போனார்.

தேசப்பன் கூண்டுகளைத் தூக்கினார். சுகுணா நண்டுகளைக் கட்டினார். சிங்கப்பூருக்குப் போகிறவை ஈரச் சாக்குக்குள், ஒற்றைக் கொடுக்குக்காரர்கள் கூடைக்குள். வேலை முடிந்ததும் நடு ஏரியில் படகை நிறுத்தி, தூக்குச் சட்டியைத் திறந்தார்கள். நேற்றைய அதே குழம்பு. நான் புட்டியைத் திறந்தேன்.

தக்கை உடையாமல் வந்தது. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றியதும், செங்கல் நிறத்தில், ஓரத்தில் மஞ்சள் படர்ந்து, அது வெயிலில் நின்றது. வாசம் அருமை. ஒரு வாய் குழம்பு, ஒரு மடக்கு ஒயின்.

ஆணி. துருப்பிடித்த ஆணியேதான். புளி அதன் பழ ருசியை அடித்துப் போட்டது. மிளகாய் அதன் துவர்ப்பைத் தட்டி எழுப்பிவிட்டது. மிச்சம் இருந்தது இரும்பு மட்டும்.

அன்செல்மோ குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "நல்ல குழம்பு. நல்ல ஒயின். பக்கத்துப் பக்கத்தில் உட்காரக்கூடாத இரண்டு பேர்" என்றார். அவர் கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் தோளைத் தட்டினார். தூரத்தில் தெரிந்த சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலமாரி, வேலை, முதலாளியின் முகம் எல்லாம் வரிசையாக வந்தன.

திரும்பும் வழியில் படகு சேற்றில் ஏறி நின்றது. தேசப்பன் கழியால் தள்ளிப் பார்த்தார். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அன்செல்மோவின் கால் முட்டிவரை புதைந்தது. காலை உருவியபோது கால் மட்டும்தான் வந்தது. இத்தாலியத் தோல் செருப்பு ஒன்றை ஏரி வைத்துக்கொண்டது. அவர் ஸ்பானிஷில் நீளமாக ஏதோ சொன்னார். சுகுணா, "இன்னா சொல்றாரு?" என்றார். எனக்கும் தெரியாது, தெரியாததே நல்லது என்றேன். அன்று முதல்முறையாக சுகுணா சிரித்தார்.

கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறினால்தான் படகு நகரும் என்றார் தேசப்பன். அதுவரை பக்கத்து மணல் திட்டில் ஏறி உட்கார்ந்தோம். பசி. அவர் சவுக்குச் சுள்ளிகளைப் பொறுக்கித் தீ மூட்டினார். அது கங்கானதும் கூடையிலிருந்த ஒற்றைக் கொடுக்கு நண்டுகளை அப்படியே மேலே போட்டார். ஓடு கறுத்து, சிவந்து, விரிசல் விட்டு, உள்ளே இருந்த மஞ்சள் கொழுப்பு கங்கில் சொட்டிப் புகைந்தது.

சுகுணா கணவருக்கு மட்டும் தனியாக ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். அதைத் திறந்தார். காற்று என் பக்கம் வீசியது.

வறுத்த தேங்காய். கூடவே மிளகு, பூண்டு. என் மடியில் திறந்தபடி இருந்த புட்டியிலிருந்து வருவது எது, டப்பாவிலிருந்து வருவது எது என்று ஒரு நொடி எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

அது என்ன என்று கேட்டேன். தேங்காயைக் கறுக்க வறுத்து அரைத்த துவையல். ஏன் தனியாக?

"இவருக்கு மொளகா ஆவாதுக்கா. குடிச்சிக் குடிச்சி வயித்தைப் புண்ணாக்கி வெச்சிகினு கீறாரு. புளியும் ஆவாது. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுலேர்ந்து இதான்."

மிளகாய் இல்லை. புளி இல்லை. அவர் சாப்பாட்டில் கொஞ்சம் எனக்குக் கிடைக்குமா என்று தேசப்பனிடம் கேட்டேன். அவர் டப்பாவை அப்படியே நீட்டினார்.

சுட்ட நண்டை உடைத்தேன். சதையை அதன் கொழுப்பில் புரட்டி, மேலே துவையலை வைத்து வாயில் போட்டேன். பிறகு ஒயின்.

இரும்பு வரவில்லை. காத்திருந்தேன், அப்போதும் வரவில்லை. புகை போய்ப் புகையிலையோடு உட்கார்ந்தது. தேங்காய் தேங்காயைத் தேடிப் போனது. நண்டுக் கொழுப்பின் மேல் அந்தப் பழைய ஒயின் வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் காய்ந்த செர்ரியாக நாக்கில் நின்றது. நண்டு இன்னும் இனித்தது. ஒயினுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

இன்னொரு நண்டை உடைத்து, அதே மாதிரி செய்து, அன்செல்மோவின் கையில் கொடுத்து, கோப்பையில் ஊற்றினேன். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக மணலில் உட்கார்ந்திருந்தவர் சலிப்போடு வாங்கிச் சாப்பிட்டார். குடித்தார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கையை நீட்டினார்.

நான்காவது முறைக்குப் பிறகுதான் பேசினார்.

"வாசுகி, எங்கள் பட்டறையில் புதுப் பீப்பாயைத் தீயில் வாட்டும்போது இந்த வாசம் வரும். எங்கள் ஒயினுக்குள் இருக்கிற அந்தத் தீயை இவ்வளவு நாள் நான் மறந்தே போயிருந்தேன்."

மணல் திட்டில் நான் குதித்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், குதித்தேன். தேசப்பனுக்கும் சுகுணாவுக்கும் நடந்ததைத் தமிழில் சொன்னேன். தேசப்பன் வாய்விட்டுச் சிரித்து, மீதி நண்டுகளையும் கங்கில் போட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு நடந்தது. புட்டியில் கடைசியாக ஒரு கோப்பை அளவு இருந்தது. அன்செல்மோ அதை ஊற்றி, எழுந்து போய், சமைத்தவருக்குச் செய்கிற மரியாதையாக இரண்டு கையாலும் தேசப்பனிடம் நீட்டினார். வீட்டுக்குள் கூடாது என்றுதானே நான் அவரிடம் சொல்லியிருந்தேன். காரணம் சொல்லவில்லை.

சுகுணாவின் கை டப்பா மூடியோடு அந்தரத்தில் நின்றது. தேசப்பன் கோப்பையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகு இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"வேணாம் சார்" என்றார். என் பக்கம் திரும்பி, "நான் உட்டுட்டேன்னு சொல்லுங்க மேடம். கோச்சிக்கப் போறாரு."

சொன்னேன். அன்செல்மோவின் முகம் சிவந்தது. கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து தேசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். சேறும் நண்டுக் கொழுப்புமாக இருந்த கை. தன் அண்ணனும் இப்படித்தான், ஆனால் அவரால் விட முடியவில்லை, ஒயின் செய்யும் குடும்பத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

தேசப்பன் கையை மணலில் துடைத்துக்கொண்டார். பிறகு, "முதல் ஆறு மாசம்தான் கஸ்டம்னு அவர் அண்ணாத்தைகிட்ட சொல்லச் சொல்லுங்க" என்றார்.

சுகுணா இருந்ததிலேயே பெரிய நண்டை எடுத்து உடைத்து, துவையல் வைத்து, அன்செல்மோவின் கையில் கொடுத்தார். கணவரை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு உரிமை இல்லை. புட்டியில் இருந்த கடைசிக் கோப்பையை நான்தான் குடித்தேன். அவ்வளவு நல்ல ஒயினை நான் இதுவரை குடித்ததில்லை.

தண்ணீர் ஏறியது. படகு தானாகவே அசைந்தது.

*

மூன்றாம் நாள் சுகுணா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, துவையல் அரைப்பதைச் செய்து காட்டினார். தேங்காய் எந்த நிறத்துக்கு வர வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன அளவு, "கருகுறதுக்கு முன்னாடி உஷாராயிடு" என்பதுதான். முதல் ஈடு கருகிவிட்டது, நாங்கள் பேசிக்கொண்டிருந்ததால். இரண்டாவது சரியாக வந்தது. இனிமேல் ஒற்றைக் கொடுக்கு நண்டுகளையும் சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னதும், அவர் முதலில் நம்பவில்லை. ஒரு குறைப்பட்ட பொருளுக்கு யாராவது விமானத்தில் இடம் கொடுப்பார்களா என்று கேட்டார். கங்கில் போட்ட பிறகு கொடுக்கை யார் எண்ணப் போகிறார்கள் என்றேன்.

அன்செல்மோ வாசலில் நின்று, பழவேற்காடு கடைத்தெருவில் வாங்கிய நீல ரப்பர் செருப்போடு, ஸ்பெயினில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் பண்ணினார். ஒயின் கிடக்கும் நிலவறை முழுக்க அந்த அக்காவின் பொறுப்பில்தான் இருக்கிறது. எனக்காக அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஆமாம், நண்டோடுதான். இல்லை, வெயில் தலைக்கு ஏறவில்லை. இல்லை, ஆட்டுக்கறி இல்லை என்று சொல்கிறேனே."

கடைசியாக, ஹோட்டலுக்கு வருத்தம் தெரிவித்துவிடு என்றார்.

அதே செருப்போடுதான் மும்பைக்கும் போனார்.

*

சிங்கப்பூரில் அந்தச் சாப்பாட்டைப் பரிமாறிய முதல் மாலை ஒரு மேசைகூடக் காலியில்லை. எங்கள் சமையற்காரருக்குக் கடைசிவரை நம்பிக்கையில்லை. கங்கில் சுட்ட நண்டு, கறுக்க வறுத்த தேங்காய்த் துவையல், பக்கத்தில் பழைய ரியோஹா. முள்கரண்டி வைக்கவில்லை. கையால்தான் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு மேசையிலும் நானே போய்ச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள்.

தட்டுகள் மேசைகளுக்குப் போன கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க அமைதியாகிவிட்டது. எப்போதும் இரைச்சலாக இருக்கிற கடை. சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளிருந்து ஓடிவந்தார்.

"என்ன ஆயிற்று? ஏன் யாரும் பேசவில்லை?" என்று என் காதில் கேட்டார்.

நான் கூடத்தைக் காட்டினேன். ஓடு உடையும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோருடைய வாயும் நிறைந்திருந்தது. கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நண்டுக் கொழுப்பு படிந்த கையாலேயே கோப்பையைத் தூக்கி, இன்னும் ஊற்றச் சொல்லி என்னைப் பார்த்து ஆட்டினார். நான் புட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.